முகூர்த்த நாளில் கைது இல்லை

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு மண்டபத்தில் மேளச் சத்தம் கேட்காது. சமையல்கட்டு அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கலாம் என்று பார்த்தால் கொளஞ்சி பத்து மணிக்குத்தான் வருகிறாள். எட்டு மணிக்கு வரவேண்டியவள். அவர்கள் காலனிக்குப் போய்வந்த டவுன் பஸ்ஸை ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்களாம். கல்குவாரி ரோடு வழியாக நடந்தே வருகிறாளாம்.

காரணம் நியாயமானதுதான். ஆனாலும் எட்டு என்றால் எட்டு. எங்கள் கான்வென்டில் மணி அடித்த பிறகு வருகிறவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். மழை பெய்தாலும் நிறுத்துவார்கள். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட வேண்டும். காற்று பேயாய் அடிக்கிறது.

ஜூலை 18, வியாழன்

இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் போன் செய்தார். நாளைக்கு மண்டபம் காலிதானே என்றார். ஆடியில் வேறு எப்படி இருக்கும். செருப்பு வெளியே, வெற்றிலை எச்சில் எங்கேயும் கூடாது, மணமேடையில் யாரும் உட்காரக் கூடாது என்ற என் மூன்று நிபந்தனைகளையும் சொன்னேன். "தெரியும்மா, நாலு வருஷமா கேக்கறேனே" என்றார்.

ஜூலை 19, வெள்ளி

எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில் உடைந்த நாற்காலிகளும், யாரிடமிருந்தோ பறிமுதல் செய்த சைக்கிள்களும் கிடக்கின்றன. ஆறு பேர் நின்றால் மூச்சு முட்டும். ஆகவே மறியல் செய்து கைதாகிறவர்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் கொண்டுவந்து அடைப்பார்கள். மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து, பெயர் எழுதிக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு முக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் இந்த மண்டபம்தான். என் கணவர் தணிகாசலம் இதைக் கட்டியபோது இப்படி ஒரு உபயோகத்தை நினைத்திருக்க மாட்டார்.

இன்று காலனி பஸ்ஸுக்காக மறியல். வேனிலிருந்து முதலில் இறங்கியவர் பக்கிரிசாமி. ரிட்டையர்டு தபால்காரர், ஊரில் எந்த மறியல் நடந்தாலும் முன்னால் நிற்பவர். சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மண்டபத்தம்மா, போன வருஷத்துக்கு இந்த வருஷம் ஃபேன் நல்லா சுத்துது."

"செருப்பை வெளியே விடுங்க. கொடியையும்."

"கொடியை வெளிய விட்டா நாங்க யாருன்னு எப்படித் தெரியும்?"

"இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா போதும்."

அவருக்குப் பின்னால் காலனிப் பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். அதில் கொளஞ்சியும் இருந்தாள். என்னைப் பார்த்து, விருந்துக்கு வந்தவள்போல் சிரித்தாள். தேய்க்காத அண்டாக்கள் பின்கட்டில் கிடக்கின்றன. கைதானவள் பாத்திரம் தேய்க்கலாமா என்று அரங்கநாதனிடம் கேட்டேன். தேய்க்கக் கூடாது என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்றார். தேய்த்தாள். இரண்டு பெண்கள் கூடப் போய் உதவினார்கள். அண்டாக்கள் இவ்வளவு பளிச்சென்று இருந்து வெகு நாளாயிற்று.

பெண் போலீஸ் ஒருத்தி வரிசையாகப் பெயர் எழுதிக்கொண்டாள். ஒவ்வொருத்தியும் தன் பெயரை உரக்கச் சொன்னாள். இந்த ஊரில் எனக்குப் பெயர் மண்டபத்தம்மா. சௌந்தரவல்லி என்று என்னை யாரும் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். தேவையில்லாத யோசனை.

பொட்டலச் சாதத்தில் உப்பில்லை.

ஜூலை 20, சனி

பேப்பரில் மண்டபத்தின் போட்டோ. பக்கிரிசாமி வேனில் ஏறும்போது கையை உயர்த்திச் சிரிக்கிறார். பின்னால் என் காம்பவுண்டுச் சுவர் தெரிகிறது. சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

பஸ் வரவில்லை.

ஜூலை 24, புதன்

கொளஞ்சி இன்று வேலை முடிந்தும் போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"தை மாசத்துல ஒரு நாள் மண்டபம் வேணும்மா. பெருசா இல்ல, கீழ சாப்பாட்டுக் கூடம் மட்டும் போதும். நம்ம செல்வராணிக்கு."

செல்வராணி அவள் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். தையில்தான் பதினெட்டு முடிகிறது.

"படிப்பு?"

"எங்கம்மா படிக்கறது. சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சி குவாரி ரோட்ல நடந்து வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வருது. அந்த லாரிக்காரனுவளும், குடிச்சிட்டு ஒக்காந்திருக்கறவனுவளும். போன வாரத்திலேர்ந்து அனுப்பல. பஸ்ஸு இருந்தா படிக்கட்டும்னு விட்டிருப்பேன். எங்க நாத்தனார் வழியில ஒரு பையன் இருக்கான்."

தை மாதம் முழுவதும் புக்காகிவிட்டது என்று சொன்னேன்.

அவள் போன பிறகு தமிழ் மாதக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். தையில் ஒரு தேதிகூட எழுதவில்லை. பேனாவை எடுத்து, மாதம் முழுக்க 'புக்' என்று எழுதி வைத்தேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

ஜூலை 31, புதன்

அரங்கநாதன் காபிக்கு வந்தார். கையில் பேப்பர். மாவட்டத்தில் ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் கைதுகள் கூடுகின்றன என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். காரணத்தையும் ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மனநல டாக்டர் ஒருவர், ஆடிக் காற்று மனிதர்களை எரிச்சல்படுத்துகிறது என்கிறார். வயல் வேலை இல்லாத காலம், அதனால் ரோட்டுக்கு வருகிறார்கள் என்கிறார் ஒரு ரிட்டையர்டு அதிகாரி. ஜோசியர் ஒருவரையும் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை நான் படிக்கவில்லை.

"மேல இருந்து என்னைய காரணம் எழுதி அனுப்பச் சொல்றாங்கம்மா. என்ன எழுதறது?"

"மார்கழியில் எந்தக் காற்று அடிக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் காபியைக் குடித்தார். டிகாஷன் இன்று சற்று நீர்த்திருந்தது. என் தவறு இல்லை, தூள் புதிது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மறுபடியும் மறியல், மறுபடியும் கைது, மறுபடியும் இங்கே. இந்த முறை பொட்டலம் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உப்பில்லாத சோற்றை என் கூடத்தில் யாரும் சாப்பிட வேண்டாம் என்பதற்காகத்தான். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், மோர். போலீஸ்காரர்களும் வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கிரிசாமி இரண்டாம் முறை வாங்கினார்.

"அம்மா, இந்தச் சாப்பாட்டுக்கே மாசம் ஒரு தடவ கைதாகலாம்."

"ஆகலாம். பஸ் வருமா?"

"அது வரும். போராட்டம்னா உடனேவா?"

"எதுக்கு ஆடியாப் பார்த்து நடத்தறீங்க?"

அவர் மோரை வைத்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். "கைதாகாத மறியல் மறியலே இல்லம்மா. பேப்பர்ல வராது. கைதாகணும்னா வைக்கறதுக்கு மண்டபம் வேணும். நானே இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணி, சார் என்னிக்கு எடம் இருக்குன்னு கேட்டுட்டுத்தான் நோட்டீஸே அடிப்பேன். அவருக்கும் சிரமமில்ல, நமக்கும் சிரமமில்ல."

அரங்கநாதன் பக்கத்து இலையில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஆறு மணிக்கு எல்லோரும் போனார்கள். நடந்துதான். இருட்டுவதற்குள் காலனிக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று பெண்கள் வேகமாகப் போனார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காற்றும் இல்லை, கிரகமும் இல்லை. ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் காலி. ஆகவே கைது. இதற்கு ஒரு டாக்டரும் ஒரு அதிகாரியும் ஒரு ஜோசியரும்!

காலையில் மறிக்கிறார்கள், ஒன்பதரைக்குள் வேனில் ஏறுகிறார்கள், பத்து மணிக்கு ரோடு காலி. எந்த அதிகாரிக்கும் எந்த அசௌகரியமும் இல்லை. இத்தனை சௌகரியமாக ஒரு போராட்டம் நடந்தால் எவன் பஸ் விடுவான்?

ஆகஸ்ட் 9, வெள்ளி

பக்கிரிசாமியை வரச் சொன்னேன். கொளஞ்சியும் இருந்தாள்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி முகூர்த்தம். ஊரில் உள்ள நான்கு மண்டபங்களும் அன்று கல்யாணத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் வேலை நாள், அங்கேயும் அடைக்க முடியாது. அன்றைக்கு மறியல் வையுங்கள் என்றேன்.

அவர் திடுக்கிட்டார். "அன்னிக்கு இன்ஸ்பெக்டர் எங்களை எங்க வைப்பாரு?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப கைது பண்ண மாட்டாரே."

"பண்ண முடியாது. ரோட்டிலேயே இருப்பீங்க. மத்தியானம் ஆனாலும் இருப்பீங்க. பேசறதுக்கு யாராவது வந்துதான் ஆகணும்."

கைதாகாமல் வீட்டுக்குப் போவதைப் பக்கிரிசாமியால் கற்பனை செய்ய முடியவில்லை. கொளஞ்சிக்கு வேறு கவலை.

"அன்னிக்கு எங்க அண்ணன் மவன் கலியனுக்குக் கல்யாணம்மா. கோயில்ல தாலி கட்டிட்டு காலனில பந்தி. பொம்பளைங்க எல்லாம் அங்கல்ல இருப்பாங்க?"

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஆறு, ஏழரை."

"மறியல் ஒன்பது மணிக்கு."

இரண்டு விதிகள் சொன்னேன். ஆம்புலன்ஸை விட வேண்டும். கல்யாண வண்டிகளை விட வேண்டும். நிறுத்துவதாக இருந்தால் பஸ்ஸை மட்டும் நிறுத்துங்கள், அவர்கள் நிறுத்தியதும் பஸ்ஸைத்தானே. எனக்கும் இந்த மறியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி. மணமேடைக்குப் புது விரிப்பு வந்தது. கேட்டது மெரூன், அனுப்பியது ரோஸ். திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கல்யாணம். பாயசம் சுமார். மாப்பிள்ளையின் மாமா மணமேடையில் ஷூவோடு ஏறினார். கைதாக வருகிறவர்கள் எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சுவரெல்லாம் நோட்டீஸ். அரங்கநாதன் வந்தார், காபிகூட வேண்டாமென்றார்.

"முப்பதாம் தேதிங்கறாங்கம்மா. நாலு மண்டபமும் ஃபுல். நீங்க சொன்னா அந்தாளு கேப்பாரு. தேதியை மட்டும் மாத்தச் சொல்லுங்க. அடுத்த புதன் வைக்கட்டும், நானே வேன் அனுப்பறேன்."

பிறர் விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

முப்பதாம் தேதிக்கு மண்டபம் எடுத்திருந்த பெண் வீட்டில் தாத்தா இறந்துவிட்டார். தீட்டு. கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். துக்கம் விசாரித்தேன். நிஜமாகவே வருத்தம்தான்.

மண்டபம் காலி. இருநூறு பேரை வைக்கலாம். சமையல் கான்டிராக்டருக்குத் தெரிந்துவிட்டது என்றால் ஸ்டேஷனுக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். காலியாக இருக்கும் மண்டபத்தைக் காலி இல்லை என்று ஒரு போலீஸ் அதிகாரியிடம் சொல்ல என்னால் முடியாது. காலண்டரில் எழுதி வைப்பதும் இங்கே உதவாது, அவர் நேரில் வந்து பார்ப்பார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசியில்லை.

பிறகு கொளஞ்சியைக் கூப்பிட்டேன்.

"கலியன் கல்யாணத்துக்கு எத்தனை பேர்?"

"காலனி பூரா வரும்மா. ஏன்?"

"சாப்பாட்டுக் கூடம் மட்டும் போதாது. மேலேயும் எடுத்துக்கோ. மணமேடையும்தான்."

அவள் புரியாமல் நின்றாள். "எங்களால வாடகைக்கெல்லாம்..."

"வாடகையை யார் கேட்டா? பூட்டிக் கிடந்தா பல்லி சேரும். செருப்பு வெளியே. வெற்றிலை எச்சில் கூடாது. போ, அண்ணன்கிட்ட சொல்லு."

போகாமல் அழ ஆரம்பித்தாள். அழுவதாக இருந்தால் வெளியே போய் அழச் சொன்னேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

எதிர்பார்த்தபடி போன்.

"அம்மா, நாளைக்கு உங்க மண்டபம் காலியாயிடுச்சாமே?"

"இல்லையே. கல்யாணம் இருக்கு."

"யாரு கல்யாணம்?"

"கலியன் என்கிற பையன். நீங்களும் வாங்க."

உண்மையைப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

வாழைமரம் கட்டியாயிற்று. ஒரு பையில் பிரஷர் மாத்திரை, துண்டு, சோப்பு, ஸ்பூன், படிக்கிற கண்ணாடி எடுத்து வைத்தேன். பந்தியில் தேவைப்படலாம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோயிலில் தாலி கட்டி எட்டு மணிக்கு அழைத்து வந்தார்கள். பெண் நல்ல களை. பத்துப் பேர்தான் செருப்போடு உள்ளே வந்தார்கள், திருத்தினேன்.

ஒன்பது மணிக்குப் பெண்கள் அப்படியே பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாகப் போய் பஸ் ஸ்டாண்டு முக்கில் உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு லட்சணமான மறியலை ஊர் பார்த்ததில்லை. பஸ்கள் வரிசையாக நின்றுவிட்டன. கல்யாண வண்டிகள் வரும்போது பக்கிரிசாமி எழுந்து வழிவிட்டு, உள்ளே இருக்கிற மாப்பிள்ளைக்குக் கும்பிடு போட்டார்.

அரங்கநாதன் இரண்டு வேன்களோடு வந்தார். வேன்கள் சும்மா நின்றன. மற்ற மூன்று மண்டபங்களுக்கும் ஆள் அனுப்பியதாகவும், ஒவ்வொன்றிலும் போலீஸ்காரர்களை உட்காரச் சொல்லி ஜிகர்தண்டா கொடுத்துத் திருப்பி அனுப்பியதாகவும் பிறகு தெரிந்தது.

பதினொன்றரை ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது. பந்தி ஆறுகிறதே என்று கூப்பிடப் போனேன். அதற்கு மட்டும்தான் போனேன். முழங்கால் வலித்தது, கொளஞ்சிக்கும் செல்வராணிக்கும் நடுவில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். பை கையில் இருந்தது.

அரங்கநாதன் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அம்மா, நீங்களுமா?"

"கைது பண்ணறதா இருந்தா பண்ணுங்க. நான் தடுக்கல."

"எங்கம்மா கொண்டு போய் வைக்கறது? உங்க மண்டபத்துலதான் பந்தி நடக்குதே."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் என்னிடம் வந்தபோது, வேண்டாம் என்று அவர் சைகை காட்டினார். எழுதுங்கள் என்றேன். திருமதி சௌந்தரவல்லி தணிகாசலம், வயது எழுபத்து நான்கு. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் பெயர் அது என்று செல்வராணிக்கு இதுவரை தெரியாதாம். நல்ல பேரா இருக்கே ஆயா என்றாள். ஆயா என்று கூப்பிட வேண்டாம் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் கோட்டாட்சியர் வந்தார், சின்ன வயதுப் பெண். டெப்போ மேனேஜரும் வந்தார். டிரைவர் பற்றாக்குறை என்று ஆரம்பித்தார். நின்றுகொண்டிருந்த பஸ்களில் வரிசையாக டிரைவர்கள் உட்கார்ந்திருந்ததைக் கையால் காட்டினேன். கோட்டாட்சியர் திரும்பிப் பார்த்தார். பிறகு ரோட்டிலேயே நின்று பேசினார்கள். திங்கட்கிழமை முதல் காலையிலும் மாலையிலும் காலனி பஸ் ஓடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தேதி போட மறந்திருந்தார்கள். போட வைத்தேன்.

அத்தனை பேரும் வந்து சாப்பிட்டார்கள். கோட்டாட்சியர், அரங்கநாதன், வேன் டிரைவர்கள் உட்பட. பக்கிரிசாமி மட்டும் கொஞ்சம் வாடியிருந்தார்.

"ஜெயிச்சாச்சு. ஆனா கைதாகலியேம்மா. நாளைக்கு பேப்பர்ல என்ன போட்டோ போடுவான்?"

அந்த வருத்தம் எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். பையை அலமாரியில் வைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

கொளஞ்சி எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டாள்.

நான் தற்செயலாக காம்பவுண்டு பக்கம் நின்றிருந்தேன். காலனி பஸ் வந்தது. செல்வராணி ஜன்னலோரம், யூனிஃபார்மில். கையாட்டினாள். நானும், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

செப்டம்பர் 11, புதன்

"அந்தப் பையன் வீட்ல சொல்லிட்டேம்மா," என்றாள் கொளஞ்சி, அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு. "அவ படிச்சி முடிக்கட்டும், பொறவு பாக்கலாம்னு. அப்புறம், தையில நாங்க கேட்ட எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அப்படியே செய்கிறேன் என்றேன். காலண்டரில் எழுதியதை அழிக்க வெள்ளை மை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 18, புதன்

நேற்றுப் புரட்டாசி பிறந்தது. மண்டபம் காலி. ஃபேன்களைத் துடைக்கச் சொன்னேன்.

அரங்கநாதன் போன் செய்தார். மேலிடத்திலிருந்து மறுபடி கேள்வியாம். ஆவணியில் எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கைதாகவில்லையே, என்ன காரணம், எழுதி அனுப்பவும் என்று.

"என்னம்மா எழுதறது?"

"நல்ல முகூர்த்தம்னு எழுதுங்க."

சிரித்தார். ஸ்டேஷனில் இருந்துகொண்டு அப்படிச் சிரிக்கக் கூடாது. பிறகு குரலைத் தணித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபம் காலிதானே என்றார். சந்தைப்பேட்டையில் தண்ணீர்க் குழாய்க்காக மறியல், பக்கிரிசாமிதான் தலைமை, பழையபடி இடம் கேட்டுக்கொண்டுதான் நோட்டீஸ் அடிக்கப் போகிறாராம். நான் அத்தனை சொல்லியும் அந்த மனிதருக்குப் புத்தி வரவில்லை.

காலிதான் என்றேன். என் மூன்று நிபந்தனைகளையும் சொன்னேன். சந்தைப்பேட்டையில் மறியல் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பை அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது. சோப்பை மட்டும் மாற்றினேன்.